நான்கு நட்டுகள்

காவல்கிணறு தாண்டியதும் அம்மாதான் முதலில் கேட்டாள். "என்ன மக்ளே, பின்னால ஒரு சத்தம் கேக்கு?" காற்று என்றேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் போகிறவனுக்கு ஆனி ஆடியில் எதையும் காற்றின் மேல் போட்டுவிடும் வசதி உண்டு. ஸ்டியரிங் ஆடினால் காற்று. கதவு முனகினால் காற்று. முப்பந்தலில் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே வந்ததில் சாட்சியமும் ஆயிற்று. ஆனால் காற்றுக்கு இப்படி ஒரு தாளம் கிடையாது. வண்டி வேகம் கூடினால் சத்தமும் நெருங்கியது, குறைத்தால் தள்ளித் தள்ளி வந்தது. சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு டக். எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. தெரிந்தபிறகும் அரைக் கிலோமீட்டர் ஓட்டினேன்.

பணகுடிக்கு முன்னால் ஓரம் கட்டி இறங்கினேன். பின் இடது சக்கரம். நான்கு நட்டுகளில் ஒன்று இல்லை. இரண்டு, விரலால் தொட்டதும் சுற்றின. நான்காவதுதான் அதுவரை எங்களைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. கண் ஆபரேஷனுக்குப் பிந்திய பரிசோதனைக்காக அம்மாவைத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். கறுப்புக் கண்ணாடியோடு ஜன்னல் வழியே தலையை நீட்டி, "பஞ்சரா?" என்றாள். ஆமாம் என்றேன். இன்றுவரை அவளுக்கு அது பஞ்சர்தான்.

மூன்று நட்டுகளையும் டிக்கியில் இருந்த ஸ்பானரால் முறுக்கிவிட்டு, பணகுடி பஞ்சர் கடைவரை மாட்டு வண்டி வேகத்தில் போனோம்.

முந்தின நாள் சாயங்காலம் சர்வீஸ் முடிந்து எடுத்த வண்டி அது. டயர்களை முன்னுக்குப் பின் மாற்றிப் போட்டிருந்தார்கள். எட்டு வருஷமாக அந்த மெக்கானிக்கிடம்தான் விடுகிறேன். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது நட்டைக் கையால் ஏற்றி ஓரளவு இறுக்குவார்கள். பிறகு ஜாக்கியை இறக்கி, டயர் தரையில் பதிந்ததும், எதிரெதிர் நட்டாகக் கடைசி முறுக்கு. ஒன்றையடுத்து ஒன்றாக வட்டமாகப் போனால் ரிம் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிடும். மூன்று சக்கரங்களுக்கு இதெல்லாம் ஒழுங்காக நடந்தது. நான்காவதில் பையன் ஜாக்கியை இறக்கிய சமயம் யாரோ கூப்பிட, ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுப் போனான். திரும்பி வந்தவன் ஜாக்கியை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான்.

இதை நான் பார்த்தேன். பெஞ்சில் மெக்கானிக் அண்ணனோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். அவர் அப்போது அந்தப் பையன் எவ்வளவு சீக்கிரம் தொழிலைப் பிடித்துக்கொண்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எழுந்துபோய் ஸ்பானரை எடுப்பது ஒரு மனிதரின் முகத்தில் அடிப்பது மாதிரி இருக்கும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. முறுக்கியிருப்பான், நான் கவனித்திருக்க மாட்டேன் என்று மனசு ஒரு பிரதியைத் தயாரித்துக் கொடுத்தது. அதை ஒப்புக்கொண்டு பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் யாரும் இப்படி நடந்துகொள்வதில்லை. நான் செய்கிற ஒவ்வொரு பதிவையும் இன்னொருவர் திறந்து பார்த்துத் தன் கடவுச்சொல்லால் அனுமதித்தால்தான் அது செல்லும். அவர் என்னைத் திருடனாக நினைக்கிறார் என்று நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. பணத்தை எண்ணிச் சரிபார்த்தபின் கவுன்டரை விட்டு நகரவும் என்று நாங்களே எழுதி ஒட்டியிருக்கிறோம். ஆனால் அந்தப் பட்டறை பெஞ்சில் நான் கிளார்க் அல்ல. எட்டு வருஷ சிநேகிதன். சிநேகிதத்தின் முதல் செலவு சரிபார்த்தல்தான்.

பிறகுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிப்பது எனக்குப் பயத்தைச் சமாளிக்கிற வழி. சக்கரத்தை போல்ட்டுகள் தாங்கிக்கொண்டிருக்கின்றன, ஆணியில் தொங்கும் சட்டை மாதிரி, என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. நட்டை முறுக்கும்போது போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுப்பு ரிம்மை டிரம்மோடு சேர்த்து அழுத்துகிறது. இரண்டு இரும்பு முகங்களுக்கும் நடுவே பிறக்கிற உராய்வுதான் வண்டியைத் தாங்குகிறது. அந்த இழுப்பு தளர்ந்தால் ரிம் நழுவி ஆடத் தொடங்கும், துளைகள் தேய்ந்து நீள்வட்டமாகும், ஆட்டமே நட்டுகளைக் கழற்றிவிடும். இன்னொன்று. ஒழுங்காக முறுக்கின நட்டும் தளரலாம். கழற்றி மாட்டியபோது அந்த முகங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட துருவும் பெயின்ட்டும் மண்ணும் வண்டி ஓட ஓட நசுங்கி மெலிகின்றன. அவை மெலிந்த அளவுக்கு போல்ட்டின் நீட்சி குறைகிறது. அதனால்தான் சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் 50 அல்லது 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். மாட்டினவன் மேல் சந்தேகம் இதில் இல்லை. பட்டறையில் எவ்வளவு யோக்கியமாக முறுக்கினாலும் சக்கரம் சாலையில்தான் உட்காருகிறது.

என் வண்டிக் கையேட்டில் போட்டிருப்பது 85 நியூட்டன் மீட்டர். ஒரு அடி நீள ஸ்பானரின் நுனியில் சுமார் 28 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவோ அவ்வளவு. இந்தக் கணக்கை நான் பிந்தித்தான் போட்டேன். அதற்குள் ஸ்பானர் மேல் ஏறி நிற்கக் கற்றுக்கொண்டிருந்தேன். என் எடை 64 கிலோ.

பணகுடிக்கு அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை எழுந்ததும் இதுதான் வேலை. பதினாறு நட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மிதி. கிர்ரென்று துளி நகர்ந்தால் பார்த்தாயா, தளர்ந்திருந்தது என்று ஒரு திருப்தி. அது தளர்ந்திருக்கவில்லை, நான் அதைச் சித்திரவதை செய்துகொண்டிருந்தேன். போதாதற்கு துருப்பிடிக்கக் கூடாதென்று மரையில் எண்ணெய் வேறு விட்டேன். முறுக்கும் பலத்தில் பெரும்பங்கை, சுமாராகப் பத்தில் ஒன்பதை, உராய்வு தின்றுவிடுகிறது. மிச்சந்தான் போல்ட்டை நீட்டுகிறது. எண்ணெய் உராய்வைக் குறைத்தால் அதே மிதியில் போல்ட் இன்னும் கூடுதலாக நீளும். இப்படி ஏழெட்டு மாதம்.

அடுத்த சர்வீஸில் அதே பின் இடது சக்கரத்தைக் கழற்றும்போது இரண்டு போல்ட்டுகள் ஒடிந்துவிட்டன. மெக்கானிக் அண்ணன் ஒரு துண்டைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒடிந்த இடத்துக்குச் சற்று முன்னால் கழுத்து மாதிரி மெலிந்திருந்தது. வேறு வழியில்லாமல் பணகுடி விஷயத்தையும் சொன்னேன். பையன் ஸ்பானரைப் போட்டுவிட்டுப் போனதை நான் பார்த்ததையும் சொன்னேன். அவர் பையனைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரே, அன்னைக்கே ஒரு வாக்கு சொல்லப்படாதா? பேங்கில நீங்க ரூவா தந்தா நாங்க எண்ணிப் பாக்காமலா போறோம்? எண்ணுததுல ஒரு தப்பும் இல்ல. ஆனா எண்ணுதேன் எண்ணுதேன்னு நோட்டக் கிழிச்சிரப்படாது."

அவருடைய முதல் வாக்கியத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1990களின் மத்தியில் லாரிச் சக்கரங்கள் கழன்று ஓடி, வேறு வண்டிகளில் வந்தவர்களைக் கொன்றன. 1997இல் அங்கே சட்டம் செய்தார்கள். சரக்கு வண்டியிலிருந்து ஓடும்போது சக்கரம் கழன்றால் உரிமையாளர் குற்றவாளி. முறைப்படி பராமரித்தேன், கவனமாகத்தான் இருந்தேன் என்ற வாதம் செல்லாது. அபராதம் 50,000 டாலர் வரை. விம்ஸாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946இல் ஆசிரியனின் உத்தேசம் படைப்புக்கு அளவுகோல் ஆகாது என்று எழுதிய கட்டுரையை நான் பி.ஏ.யில் பரீட்சைக்காகப் படித்தேன். அதை இவ்வளவு கறாராக ஒரு சட்டசபை அமல்படுத்தும் என்று நினைக்கவில்லை. என் உத்தேசம் இரண்டு தடவையும் நல்லதுதான். முதலில் ஒரு மனிதரைப் புண்படுத்தக் கூடாது என்பது. பிறகு அம்மாவைப் பத்திரமாகக் கூட்டிப் போக வேண்டும் என்பது.

இதை எழுதுகிற பத்திரிகையில் இதற்குமேலும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நாணயமாகாது. நண்பர் ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்பை ஒரே இரவில் படித்துவிட்டு மதிப்புரை எழுதினேன். அச்சில் பார்த்தபோதே சில இடங்களில் நான் பார்க்காததைப் பார்த்ததாக எழுதியிருப்பது தெரிந்தது. அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வருவார், டீ குடிப்போம். இரண்டாவது தொகுப்பு வந்தபோது முதலாவதற்கும் சேர்த்து வைத்து மிதித்தேன். பதினொரு பக்கம். கடுமையும் நேர்மையும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். அந்தத் தொகுப்பில் நல்ல கவிதைகள் ஏழெட்டு இருந்தன. அவற்றையும் விட்டு வைக்கவில்லை. அவர் பிறகு எழுதவில்லை. என் கட்டுரைதான் காரணம் என்று சொன்னால் நானே எனக்கு முக்கியத்துவம் கொடுத்துக்கொள்வதாகும். இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. கடிதம் எழுதி இரண்டு முறை கிழித்துவிட்டேன்.

அண்ணன் புது போல்ட்டுகளை டிரம்மில் அடித்து ஏற்றினார். டார்க் ரெஞ்ச் வாங்கச் சொன்னார். வைத்த அளவு வந்ததும் அது கிளிக்கென்று சொல்லும், அதற்குமேல் ஒரு இழுப்பும் கூடாது, எடுத்துவிட வேண்டும். கூடவே வெள்ளைப் பெயின்ட்டைத் தொட்டு ஒவ்வொரு நட்டின் மேலிருந்தும் ரிம்மின் மேல்வரை ஒரு கோடு இழுத்தார். நட்டு நகர்ந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். ஸ்பானர் எடுக்காமலே பார்த்துக்கொள்ளலாம். கோடு போட்டது அந்தப் பையன்தான் என்று நினைவு. நான்காவது சக்கரத்துக்கு வந்ததும் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.

போன மாதம் மறுபடியும் திருநெல்வேலி போனோம். பணகுடிக்கு முன்னால் அதே இடத்தில் நிறுத்தி இறங்கினேன். இந்தத் தடவை மழை பெய்திருந்தது, சக்கரத்தில் சேறு. கைக்குட்டையால் துடைத்தேன்.

"இன்னைக்கும் பஞ்சரா மக்ளே?"

"இல்லம்மா. சும்மா பாத்தேன்."