பவர் எழுதுவதற்கு முன்னால்

அன்புள்ள செந்திலுக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சீரியல் பார்க்காதே என்றால்தான் சண்டைக்கு வருகிறாள்.

புரோக்கர் பேரில் எழுதப் போவதாக நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பவர் பத்திர நகலைப் படித்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பத்திர எழுத்தரிடம் இத்தனை வருஷம் டைப் அடித்துக் குப்பை கொட்டியவள் ஒருத்தி இங்கே இருக்கிறேன், ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? முசிறி நிலத்துக்கு ஆள் பிடித்துத் தருவது புரோக்கர் வேலை. அதற்குக் கமிஷன் கொடு. பொதுப் பவரையும் அவர் கையிலேயே கொடுத்தால், அவர் போடுவதெல்லாம் உன் கையெழுத்துடா.

"20 லட்சத்துக்குக் குறையக் கூடாதுன்னு போன்ல சொல்லிட்டேன்" என்கிறாய். வாங்குகிறவன் அந்தப் போனையா கேட்டான்? அவன் பார்ப்பது பத்திரத்தை. அதில் விலை வரம்பே இல்லை. 12 லட்சத்துக்குக் கிரயம் முடித்துவிட்டால், விவரம் தெரியாமல் வாங்கியவனை உன்னால் அசைக்க முடியாது. புரோக்கர் மேல் கேஸ் போட்டு நீதான் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

ஆறாவது பாராவைப் படித்தாயா? அவருக்கும் நிலத்தில் பாத்தியதை உண்டு, பவரை ரத்து செய்யக் கூடாது என்று எழுதியிருக்கிறது. 3 லட்சம் அட்வான்ஸ் சும்மாவா தருகிறார்? ஏஜென்டுக்கே சொத்தில் பாத்தியதை இருந்தால், அதற்குப் பாதகமாகப் பவரை முறிக்க முடியாது என்கிறது 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 202-வது பிரிவு. நாளைக்கு அதைக் காட்டித்தான் வாதாடுவார். பவரை வைத்தே கைமாற்றி விடலாம் என்று ஆசை காட்டினாராமே, 2011-லேயே சூரஜ் லேம்ப் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது, பவரால் சொத்து கைமாறாது என்று. நிலம் உன் பேரில் இருக்கும், வம்பும் உன் பேரில் வரும்.

உன் மாமா பேருக்குத் தனிப் பவர் எழுது. சர்வே நம்பர், குறைந்தபட்ச விலை எல்லாம் அதில் இருக்கட்டும். கிரயத்தில் கையெழுத்துப் போடுவதோடு சரி, பணம் நேரே உன் அக்கவுண்டுக்கு வர வேண்டும். மஸ்கட் எம்பஸியில் அத்தாட்சி வாங்கி அனுப்பு. இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், அதை மாமா பார்த்துக்கொள்வார். பதிவின்போது உனக்கு உயிர்வாழ் சான்று கேட்பார்கள், முகம் சுளிக்காதே. எழுதிக் கொடுத்தவர் போனால் பவரும் போச்சு என்பதுதான் சட்டம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுத் தொலைத்திருந்தால் மறைக்காமல் சொல். கிழித்துப் போட்டால் தீராது. ரத்துப் பத்திரம் பதிந்து, புரோக்கருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவருக்குத் தெரியாதவரை அவர் செய்வது உன்னைக் கட்டும்.

வெள்ளிக்கிழமை லீவுதானே, உட்கார்ந்து போன் பண்ணு. கார் ஓட்டிக்கொண்டே பேசாதே.

அன்புடன்,
அக்கா