வாடகை இல்லாத வீடு

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நாற்பது நிமிட உரையாடலில் முப்பது நிமிடம் வாடகையைப் பற்றியே பேசினார். ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில் இரண்டு அறைகளுக்கு மாதம் 1,900 டொலர் கொடுக்கிறாராம். இலண்டனில் இருக்கும் அவருடைய தம்பியின் நிலை அதைவிட மோசமாம். நானும் என் பங்குக்கு இங்குள்ள நிலையைச் சொன்னேன். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்று கேட்டால் ஆறு மாத வாடகையை முற்பணமாகக் கேட்கிறார்கள், சிலர் ஓராண்டுக்கும் கேட்கிறார்கள். சென்னையில் பத்து மாத முற்பணம் என்பது நெடுநாள் வழக்கம். இங்கிலாந்தில் 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் முற்பணம் கேட்க முடியாது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கடைசி மாத வாடகையை மட்டுமே முன்கூட்டி வாங்கலாம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நண்பர் சிரித்தபடி சொன்னார்: "உங்கள் தோட்டத்து ஆட்கள் கொடுத்து வைத்தவர்கள். நூற்றைம்பது வருடமாக வாடகையே இல்லாத வீடு!"

அவர் யாழ்ப்பாணத்தவர், நல்லவர். அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நான் பிறந்தது ஹட்டனுக்கு அப்பால், ஒரு தேயிலைத் தோட்டத்தின் பணிய லயத்தில். ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதற்குள் ஏழு பேர் வாழ்ந்தோம். தகரக் கூரையில் மழை விழும்போது அடுத்தவர் பேசுவது கேட்காது. மழை ஓய்ந்தால் அடுத்த காம்பராவில் பேசுவதும் கேட்கும்.

பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, 1994இல் கொழும்பில் பத்திரிகை வேலைக்குச் சேர்ந்தேன். கொட்டாஞ்சேனையில் இன்னொருவரோடு சேர்ந்து ஓர் அறை எடுத்தேன். என் பங்கு மாதம் 900 ரூபாய். முதல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். அது எத்தனை நாள் பேர்க்காசு என்று அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். வேலைக்குப் போனால் பேர், கொழுந்து குறைந்தால் அரைப் பேர். எண்ணி முடித்துவிட்டு அம்மா கேட்டது வேறொன்று.

"காசு குடுத்தா ரசீது தருவாங்களா தம்பி?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டி என் பெயரைப் படித்தார். பிறகு, "இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்று வாங்கித் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

லயங்களுக்கு வாடகை இல்லாமற் போனதற்குக் காரணம் எவருடைய தாராள மனமும் அன்று. கோப்பிக் காலத்தில் தொழிலாளர் தமிழகத்திலிருந்து பருவத்துக்கு வந்து, அறுவடை முடிந்து திரும்பினர். கோப்பி நோயால் அழிந்து தேயிலை வந்தபின் அது போதவில்லை. தேயிலைக்கு ஆண்டு முழுவதும், சில நாட்களுக்கு ஒருமுறை கொழுந்து பறித்தாக வேண்டும். விடியற்காலைப் பெரட்டுக்குத் தொழிலாளி வந்து நிற்கும் தூரத்தில் குடியிருக்க வேண்டும். லயம் என்பது தொழிலாளிக்குக் கொடுக்கப்பட்ட வீடு என்பதைவிட, தோட்டத்துக்குத் தேவைப்பட்ட ஓர் உபகரணம் என்பதே பொருந்தும். தேயிலை மூட்டைக்குக் களஞ்சியம் கட்டியவர்கள், பறிக்கும் கைகளுக்கு லயம் கட்டினார்கள்.

வாடகைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் நகரத்து வாடகையாளரைக் காத்தது. வீட்டுக்காரர் நினைத்தபடி வாடகையை ஏற்றவோ, ஆளை வெளியேற்றவோ முடியாமற் செய்தது. வாடகை கொடுப்பவருக்கு ரசீது உண்டு, முகவரி உண்டு, நீதிமன்றம் உண்டு. லயத்தில் இருப்பவருக்கு வந்த கடிதங்களோ தோட்டக் காரியாலயத்துக்குப் போய்த்தான் அவரிடம் வந்தன.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். காணிச் சீர்திருத்தங்களால் 1970களில் அரசுடைமையான தோட்டங்கள், 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டன. காலம் 53 ஆண்டுகள், அதாவது 2045 வரை. தொடக்கத்தில் குறிக்கப்பட்ட குத்தகைத் தொகை ஒரு தோட்டத்துக்கு ஆண்டொன்றுக்கு 500 ரூபாய்! மலை, தொழிற்சாலை, துரை பங்களா, அத்தனை லயங்களும் சேர்த்துத்தான். 1996இலிருந்து அத்தொகை பெருமளவு உயர்த்தப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயினும் நான் கொட்டாஞ்சேனையில் பாதி அறைக்கு மாதம் 900 ரூபாய் கொடுத்த அதே ஆண்டில், ஒரு முழுத் தோட்டத்தின் குத்தகை வருடத்துக்கு 500 ரூபாயாக இருந்தது. கம்பனியின் கையில் அதற்குக் காகிதம் இருந்தது. ஐந்து தலைமுறையாக அங்கே இருந்தவர்களிடம் எதுவும் இல்லை.

2010இல் இந்தக் கணக்கு என் வீட்டுக்குள் வந்தது. அம்மா ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பா இல்லை. தம்பி கொழும்பில் ஒரு கடையில் வேலை. அவன் மனைவி ஹட்டனில் ஒரு தையற்கடையில் இருந்தாள். சொந்தமாகக் கடை போடுவதற்கென்று சீட்டுக் கட்டி வந்தாள். ஒருநாள் தலைவர் மூலம் செய்தி வந்தது: இந்தக் காம்பராவில் பேர் போடுபவர் எவரும் இல்லை, ஆகவே ஒப்படைக்க வேண்டும்.

நான் புறப்பட்டுப் போனேன். தோட்டக் காரியாலயத்தில் பெரிய கிளாக்கரைச் சந்தித்தேன். அவரும் லயத்திலிருந்து படித்து வந்தவர்தான். மரியாதையாக அமரச் செய்தார். "எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள், மாதாமாதம் வாடகை கட்டிவிடுகிறேன். அம்மாவின் காலம் வரைக்கும்" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "வாடகை வாங்க மாட்டாங்க ஐயா. வாங்கினா ரசீது குடுக்கணும். ரசீது குடுத்தா நீங்க வாடகைக்காரர் ஆயிடுவீங்க."

பதினாறு ஆண்டுகளுக்கு முன் அம்மா ஏன் அந்தக் காகிதத்தை வாங்கி வைத்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நான் கொழும்புக்குத் திரும்பினேன். வழக்குப் போடலாம், எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் தம்பியின் மனைவி முடிவெடுத்துவிட்டாள். "அத்தை வேற எங்க போவாங்க? நான் பேர் போடுறேன்" என்றாளாம். தையற்கடையை விட்டுக் கூடையை எடுத்தாள். அன்று அடிப்படை நாட்சம்பளம் 285 ரூபாய். வீடு எங்களிடமே இருந்தது. பணமாக எவரும் எதுவும் கொடுக்கவில்லை.

நண்பருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். ஸ்காபரோவில் வாடகை கட்ட முடியாதபோது வேறிடம் பார்க்கலாம். வேலையை மாற்றினாலும் வீடு இருக்கும், வீட்டை மாற்றினாலும் வேலை இருக்கும். லயத்தில் இரண்டும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. ஆபத்தென்று அறிந்தாலும் அங்கிருந்து போக இடமில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள்.

மாற்றமே இல்லை என்று எழுதினால் அது நேர்மையாகாது. 2003இல் எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை கிடைத்தது. தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் பணி செய்யத் தடையாயிருந்த சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. இந்திய உதவியில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் தனிக் காணியில் தனி வீடு என்ற திட்டத்தில் அமைந்தவை. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாகவும் உயர்ந்தது. ஆனால் கட்டப்பட்ட புதிய வீடுகளில் குடியேறிய எல்லோருக்கும் காணி உறுதி கிடைத்துவிடவில்லை. லயங்களிலேயே இருப்பவர்களும் இன்னும் ஏராளம். காசல்ரீ நீர்த்தேக்கத்தின் அருகே பழைய துரை பங்களாக்கள் சில, ஓர் இரவுக்கு நூற்றுக்கணக்கான டொலர் வாங்கும் விடுதிகளாகிவிட்டன. அந்த விருந்தினருக்கும் ரசீது கொடுப்பார்கள்.

அம்மா 2018இல் காலமானார். தகரப் பெட்டியை நானும் தம்பியும் திறந்தோம். குடியுரிமைப் பத்திரம், சேமலாப நிதி அட்டை, அப்பாவின் அடையாள அட்டை, அவற்றின் அடியில் மடித்து வைத்த கொட்டாஞ்சேனை ரசீது. அவர் ஒருநாளும் தங்கியிராத அறைக்கான ரசீது. பிறந்து, பிள்ளை பெற்று, இறந்த காம்பராவுக்கு அந்தப் பெட்டியில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

தம்பியின் மனைவி அப்போது மலையில் இருந்தாள். அன்றைக்கும் பேர் போட வேண்டியிருந்தது.