எட்டுப் படிக்குள் அடங்காத மூச்சு

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பதினான்காவது தகவலாளியாக இருப்பது என் அம்மா. 'பெண், வயது 52, விவசாயக் கூலி' என்று தட்டச்சு செய்திருக்கிறேன். அம்மா என்று எங்கும் சொல்லவில்லை. சொன்னால் ஆய்வின் நடுநிலை கெட்டுவிடும் என்று நானாகவே பயந்தேன்.

2003இல் சோழவந்தானுக்குப் பக்கத்தில் ஒரு கொடிக்காலில் வைத்து அவள் ஒப்பாரியைப் பதிவு செய்தேன். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடக் கூடாது என்பதால் வெற்றிலைக் கொடிகளுக்கு நடுவே என்னைக் கூட்டிப்போய் உட்கார்ந்தாள். முப்பது வருடத்துக்கு முன் செத்துப்போன தன் தாயைக் கூப்பிட்டு அழுதாள். மகளுடைய பட்டத்துக்காக ஒருத்தி தன் தாயை இன்னொரு முறை சாகக் கொடுத்தாள் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. டேப் ஓடுகிறதா என்பதிலேயே கண்ணாக இருந்தேன்.

பிறகு எழுத்தில் இறக்கினேன். வரியின் முடிவில் அவள் இழுத்த 'ஏ'காரங்களை வெட்டினேன். விம்மலை விட்டேன். திரும்பத் திரும்ப வந்த அடிகளை ஒருமுறை மட்டும் எழுதி, அடைப்புக்குறிக்குள் 'மும்முறை' என்று போட்டேன். எதுகை, மோனை, உவமை எல்லாம் அட்டவணையில் ஏறின. வாய்மொழித் தேர்வில் அந்த இயலைத்தான் பாராட்டினார்கள்.

அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. அவள் சாவில் ஒப்பாரி சொல்ல எங்களில் யாருக்கும் வரவில்லை. எனக்கும்தான்.

போன கோடை விடுமுறையில் அக்கா மகள் ஆரப்பாளையத்துக்கு வந்தபோது ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாடுலர் சிந்தசைசர். கீபோர்டு இல்லை. 128.5 மில்லிமீட்டர் உயரத்தில் வரிசையாகத் தகடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை. ஒன்று ஒலியை உண்டாக்கும், ஒன்று வடிகட்டும், ஒன்று தாமதித்துத் திருப்பித் தரும். எது எதோடு சேர வேண்டும் என்பதைச் சின்ன கேபிள்களைச் செருகி நாம்தான் முடிவு செய்ய வேண்டும். 1960களின் நடுவில் அமெரிக்காவில் ராபர்ட் மூக், டான் புக்லா இருவரும் தனித்தனியாக உருவாக்கியபோது அலமாரி அளவுக்கு இருந்த கருவி இது. 1990களில் ஜெர்மனியின் டோப்ஃபர் நிறுவனம் கொண்டுவந்த அளவில் இப்போது கைப்பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது.

"வெளிய இருந்து ஒரு சத்தத்த உள்ள விட்டு மாத்தலாம் சித்தி. ஏதாச்சும் குரல் வச்சிருக்கீங்களா?"

கேசட்டை எடுத்துக் கொடுத்தேன்.

டேப்பிலிருந்து வரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்கூட இருக்காது. பெட்டிக்குள் ஒலிகள் பத்து வோல்ட் வீச்சில் ஓடுகின்றன. அதனால் முதலில் குரலைப் பெருக்க வேண்டும். பெருக்கியதும் நான் அதுவரை கவனித்திராத எல்லாம் மேலே வந்தன. பம்புசெட். காகம். அம்மாவின் வளையல். அப்புறம் என் குரல்: "அடுத்து என்னம்மா?" அவள் மூச்சு வாங்கும் இடமெல்லாம் நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அவள் முதலில் சீக்வென்சரை மாட்டினாள். எட்டுப் படிகள், படிக்கு ஒரு குமிழ். கிளாக் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு படி நகர்த்தும். எட்டு முடிந்ததும் மறுபடி ஒன்று. அதைக் கொண்டு ஒலியின் அளவைத் திறந்து மூடினாள். அம்மாவின் அழுகை எட்டுத் துண்டாகி, தாளத்தோடு சுற்றி வந்தது. அழகாகவே இருந்தது. என் கால் தானாகத் தட்டியது.

தட்டிய காலை நிறுத்திக்கொண்டேன். இது எனக்குத் தெரிந்த வேலை. மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவில் விழுந்த விம்மல் காணாமல் போயிருந்தது. இருபது வருடத்துக்கு முன் நான் பேனாவால் செய்ததைத்தான் பெட்டி இப்போது கிளாக்கால் செய்கிறது. இரண்டிலும் அளவு எங்களுடையது. அம்மாதான் அதற்குள் அடங்க வேண்டியிருந்தது.

அன்று இரவு அவள் இரண்டு பெண்களைக் கேட்க வைத்தாள். ஒருவர் அருஷி ஜெயின். இந்துஸ்தானி ராகத்தில் தன் குரலையே மாடுலருக்குள் விட்டு, 2021இல் 'அண்டர் தி லைலாக் ஸ்கை' என்ற தொகுப்பை வெளியிட்டவர். இன்னொருவர் கீதா சாராபாய். விண்வெளித் துறையின் விக்ரம் சாராபாயை நம் பாடப்புத்தகங்களுக்குத் தெரியும். அவருடைய சகோதரி கீதா, ஆண்களின் வாத்தியமாக இருந்த பக்காவஜைக் கற்று வாசித்தவர். 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்றுக்கொடுத்து, பதிலுக்கு அவரிடம் மேற்கத்திய இசை கற்றுக்கொண்டார். இசை எதற்காக என்று கீதா வழியாகக் கேட்ட விளக்கத்தைக் கேஜ் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் ஒரு மூக் மாடுலரை நிறுவியபோது அதில் இசையமைத்தவர்களில் கீதாவும் ஒருவர். அந்த நாடாக்கள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. பால் பர்காஸ் என்ற கலைஞர் தேடி எடுத்துத் தொகுத்து, 2023இல்தான் அவை இசைத்தட்டாக வந்தன.

கீதா ஆலை முதலாளி வீட்டுப் பெண். என் அம்மா களையெடுத்தவள். இருவரையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். கீதாவுக்குக் கருவி கைக்கு எட்டியது. கேபிளை எங்கே செருகுவது என்று அவரே முடிவு செய்தார். அந்த வசதியிலும் அவர் இசை வெளியே வர ஐம்பது வருடத்துக்கு மேல் ஆனது. கொடிக்காலில் உட்கார்ந்து பாடியவளின் ஒலிக்கு, அவள் மகள் ஒருத்திதான் காப்பகம். அந்த மகள் விம்மலை வெட்டிவிட்டாள்.

மறுநாள் காலையில் கேட்டேன்: "அம்மாச்சி பெட்டிக்குள்ள அடங்காம, பெட்டி அம்மாச்சி பின்னால போக முடியாதா?"

"முடியும் சித்தி. கேபிளத் திருப்பிச் செருகணும், அவ்வளவுதான்."

என்வலப் ஃபாலோயர் என்றொரு மாடுல் இருக்கிறது. குரல் ஏறினால் மின்னழுத்தம் ஏறும், குரல் தணிந்தால் அதுவும் தணியும். அது ஓர் அளவைத் தாண்டும்போது ஒரு துடிப்பு பிறக்கும்படி வைத்தாள். கிளாக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துடிப்பைச் சீக்வென்சருக்குக் கொடுத்தாள். ஒலியைத் திறந்து மூடிய வேலை போய், படிகள் இப்போது ஃபில்டரை மட்டும் நகர்த்தின.

அம்மா வாய் திறந்தால்தான் படி நகர்ந்தது. அவள் இழுத்தால், இழுக்கும் மட்டும் அந்தப் படியிலேயே நின்றது. மூச்சு வாங்கினால் காத்திருந்தது. ஓரிடத்தில் வெகுநேரம் சும்மா நின்றது. நான் ஆய்வேட்டில் அடுத்தடுத்த வரிகளாக எழுதிய இரண்டு அடிகளுக்கு நடுவில் அவ்வளவு நேரம் இருந்திருக்கிறது. அந்த இடைவெளியில் வெளியே தேனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. கால் தட்டுவதற்கு இதில் ஒன்றும் இல்லை.

காத்திருந்த படி திடீரென்று நகர்ந்தது. அம்மா பாடவில்லை. "அடுத்து என்னம்மா?" என்ற என் குரல். பெட்டிக்கு எங்கள் இருவரையும் பிரித்தறியத் தெரியாது. நான் அவசரப்படுத்திய இடத்திலெல்லாம் அது ஒரு படி முன்னே போனது.

அக்கா மகள் என் முகத்தைப் பார்த்தாள். "அத மட்டும் வெட்டிரவா சித்தி? ரெண்டு நிமிஷ வேலை."

"வேணாம். இருக்கட்டும்."

இந்தப் பருவத்தில் நாட்டார் வழக்காற்றியல் தாளுக்காக என் மாணவிகள் தங்கள் வீட்டுப் பெண்களிடம் பாட்டுச் சேகரிக்கிறார்கள். பாடினது மட்டும் போதாது, நின்ற இடத்தையும் நொடிக்கணக்கோடு எழுதுங்கள், நீங்கள் குறுக்கே பேசியதையும் எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பக்கம் கூடுகிறது மேடம் என்று சலித்துக்கொள்கிறார்கள். கூடட்டும்.

என்னிடம் இருக்கும் ஆய்வேட்டுப் பிரதியில், பதினான்காம் எண்ணுக்கு எதிரே, பேனாவால் 'என் அம்மா' என்று எழுதி வைத்திருக்கிறேன்.