கைய எடுல!

இன்றைக்கு கேமிங் கீபோர்டு வாங்கப் போனால் பெட்டியின் மேலேயே 'என்-கீ ரோல்ஓவர்' என்று போட்டிருக்கிறது. பத்து விரலையும் சேர்த்து அழுத்தினாலும் பத்தும் பதிவாகும் என்று அர்த்தம். அக்கா மகன் அதைப் படித்துவிட்டு, "இதைப் போயா பெருசா போட்டிருக்கான் மாமா? எல்லாக் கீபோர்டும் அப்படித்தானே?" என்றான். பதில் சொல்ல ஆரம்பித்தேன். பேச்சு பாளையங்கோட்டைக்குப் போய்விட்டது.

2004 கோடை விடுமுறை. எங்கள் தெருவில் நண்பன் வீட்டில் மட்டும்தான் சிஸ்டம் இருந்தது. அவன் அம்மா தைத்துப் போட்ட பூப்போட்ட உறையை மடித்து வைத்துவிட்டுத்தான் யாரும் அதைத் தொடலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முன்னறையில் கூடுவோம். ஆட்டம் எப்போதும் ஒன்றுதான்: முஸ்தபா.

அதன் உண்மையான பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்பது ரொம்பப் பிற்பாடுதான் தெரிந்தது. காசு போட்டு ஆடும் பெட்டிகளுக்காக கேப்காம் 1993-இல் வெளியிட்டது. மார்க் ஷுல்ட்ஸின் 'ஸீனோஸோயிக் டேல்ஸ்' காமிக்ஸிலிருந்து எடுத்த கதை. ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ் என்று நாலு பேர், மொத்தம் 8 ஸ்டேஜ். மஞ்சள் தொப்பிக்காரன் ஓடிவந்து விடும் உதையில் மயங்கி, ஆட்டத்துக்கே அவன் பெயரை வைத்துவிட்டோம். வீட்டு கன்சோல் எதற்கும் இந்த ஆட்டம் வரவில்லை. பெட்டி ஆட்டத்தை சிஸ்டத்தில் ஓட்டும் எமுலேட்டரோடு கைமாறி வந்த சிடிதான் ஒரே வழி.

5-ஐ அழுத்தினால் காயின் விழும். 1-ஐ அழுத்தினால் ஆட்டம் தொடங்கும். மேம் எமுலேட்டரில் முதல் ஆளுக்கு அம்புக்குறி நாலும் திசை, அடிக்க இடது கண்ட்ரோல், குதிக்க இடது ஆல்ட். இரண்டாம் ஆளுக்கு ஆர், எஃப், டி, ஜி திசை, அடிக்க ஏ, குதிக்க எஸ். முதல் ஆள் வலது பக்கம் உட்கார்ந்து இடது கையை அந்தக் கோடி வரைக்கும் நீட்ட வேண்டும். இரண்டாம் ஆளின் மணிக்கட்டுக்குக் கீழேதான் அந்தக் கை கிடக்கும். வேர்வையில் முழங்கை ஒட்டும். யாருக்கும் அது தொந்தரவாகத் தெரிந்ததில்லை.

இரண்டாம் ஆள் எப்போதும் நண்பனின் தம்பி. முதலில் சாகிறவனும் அவன்தான். ஒரே நேரத்தில் அடியும் குதியும் அழுத்தினால் கொஞ்சம் லைஃப் குறைந்து, சுற்றி நிற்கிற அத்தனை பேரையும் வீழ்த்தும் அடி ஒன்று உண்டு. ஆபத்து நேரத்தில் அதுதான் கை கொடுக்கும். அவனுக்கு மட்டும் அது விழவே விழாது. "நான் அமுக்கினேன், வரல" என்பான். விளையாடத் தெரியாதவன் சொல்லும் சாக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒருநாள் அவனே ஆட்டத்தை நிறுத்திவிட்டு நோட்பேடைத் திறந்தான். வலது அம்பை அண்ணனை அழுத்திப் பிடிக்கச் சொன்னான். தான் ஜி-யை அழுத்தினான், எழுத்து விழுந்தது. ஜி-யை விடாமல் ஏ-யை அழுத்தினான். திரையில் ஒன்றும் இல்லை. ஓங்கி அழுத்தினான், அப்போதும் இல்லை. அண்ணன் அம்பிலிருந்து விரலை எடுத்துவிட்டு, "இப்ப அடி" என்றான். ஏ விழுந்தது. பத்து வயசுப் பையன் தன் பக்க நியாயத்தை அப்படி நிரூபித்துக் காட்டியதை நான் மறக்கவே இல்லை.

மறுநாள் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட் பக்கம் இருந்த சர்வீஸ் கடைக்குப் போனோம். கடை அண்ணாச்சி திருகாணிகளைக் கழற்றி உள்ளே காட்டினார். கண்ணாடி மாதிரி மூன்று பிளாஸ்டிக் தாள், மேல்தாளிலும் கீழ்த்தாளிலும் வெள்ளி நிறக் கோடுகள். 104 கீக்கும் தனித்தனிக் கோடு கிடையாது. வரிசையும் நிரலுமாகப் பின்னியிருப்பார்கள். 8 வரிசை, 18 நிரல் என்று வைத்தால் 26 கோட்டில் வேலை முடிந்துவிடும். அந்தப் பின்னலில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைக் கீகளை அழுத்தினால், மின்சாரம் சுற்றிக்கொண்டு போய் நாலாவது மூலையும் அழுந்தியதாகக் காட்டும். அழுத்தாத எழுத்து விழக் கூடாதென்று உள்ளே இருக்கும் சிப் மூன்றாவது கீயையே விட்டுவிடும். மின்சாரம் இப்படிச் சுற்றாமல் தடுக்க ஒவ்வொரு கீக்கும் ஒரு டையோடு வைத்தால் போதும். விலை ஏறும், அதனால் வைப்பதில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் மூன்றும் மற்ற கீகளோடு சேர்ந்தே அழுந்துபவை என்பதால் அவற்றுக்கு மட்டும் ஒதுக்கமாகக் கோடு போடுவார்கள். முதல் ஆளின் அடி ஏன் தவறவே இல்லை என்பதும் அங்கேயே விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்டமே மாறியது. திரையின் ஓரத்துக்கு வந்த பிறகும் வலது அம்பை அழுத்திக்கொண்டே நிற்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். ரவுடிகள் அத்தனை பேரும் சாகிற வரை திரை நகராது, அழுத்துகிறவனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் அந்த விரல் பக்கத்தில் இருப்பவனின் உதையை விழுங்கிக்கொண்டிருக்கும். "ஏல, கைய எடுல!" என்று தம்பி கத்துவான். எடுப்போம். கொஞ்ச நாளில் அவன் கத்தவே தேவைப்படவில்லை. அவனைச் சுற்றி நாலு பேர் வளைத்தால் எங்கள் விரல்கள் தானாக மேலே எழும். அவன் அடித்து முடித்ததும் நாங்கள் நகர்வோம். தான் ஆடாமல் நின்று அடுத்தவனை ஆடவிடுவதை வேறெந்த விளையாட்டிலும் நான் அவ்வளவு அழகாகக் கற்றதில்லை.

தீர்வு சென்னையிலிருந்து வந்தது. நண்பனின் சித்தப்பா ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்த அடாப்டர். ஒரு முனையில் யூஎஸ்பி, மறுமுனையில் ஊதாவும் பச்சையுமாக இரண்டு வட்டத் துளை, நடுவே பருத்த இடத்தில் ஒரு சிப். அவர் ஆபீஸில் கழித்துக் கட்டிய டிவிஎஸ் கோல்டு கீபோர்டை ஊதாவில் செருகினோம். விண்டோஸ் எக்ஸ்பி இரண்டு கீபோர்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது. தம்பிக்குத் தனிக் கீபோர்டு, அதற்குள் தனிப் பின்னல். யார் விரலும் யார் உதையையும் விழுங்கவில்லை. டக் டக் என்று அவன் அடிக்கிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். மூன்றாவது ஆளும் சேர்ந்து, காசுப் பெட்டியில் ஆடுவது போலவே மூன்று பேராக ஆடினோம். தம்பி முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க அந்த அடாப்டருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். "கைய எடுல" என்ற கூப்பாடு மட்டும் அன்றோடு நின்றுபோனது.

பிற்பாடு வேலைக்குப் போன இடத்தில் ஒருவர் ஃபில்கோ மெஜஸ்டச் 2 வைத்திருந்தார். கூடவே சின்ன ஊதா அடாப்டர். யூஎஸ்பியில் செருகினால் ஒரே நேரத்தில் 6 கீதான், அதே கீபோர்டை அந்த அடாப்டர் வழியாக பிஎஸ்/2 என்ற பழைய வட்டத் துளையில் செருகினால் அத்தனையும் பதிவாகும். யூஎஸ்பியின் அடிப்படை முறையில் கீபோர்டு அனுப்பும் தகவல் 8 பைட். கண்ட்ரோல், ஷிஃப்ட் வகைக்கு ஒரு பைட், ஒன்று சும்மா, மீதி ஆறில் ஆறு கீ. ஏழாவதுக்கு இடமே இல்லை. ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்த பிஎஸ்/2-விலோ ஒவ்வொரு கீயும் அழுந்தும்போது ஒரு செய்தி, விடும்போது ஒரு செய்தி. எத்தனை என்ற வரம்பே கிடையாது. பழசு புதுசை ஜெயித்த இடம் அது. இப்போது யூஎஸ்பியிலும் பெரிய தகவலாக அனுப்பி அந்தக் குறையைத் தீர்த்துவிட்டார்கள். லேப்டாப்புகளில் வட்டத் துளையே கிடையாது. பாளையங்கோட்டை வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். தம்பி துபாயில்.

உங்கள் வீட்டுப் பரணில் ஊதா முனைக் கீபோர்டு கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உள்ளே சிப் உள்ள அடாப்டராகக் கேட்டு வாங்குங்கள், முனையை மட்டும் மாற்றுகிற சின்னது அதற்கு உதவாது. லேப்டாப்பில் செருகி, பிள்ளைகள் இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதல் ஒரு மணி நேரம் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கீபோர்டைக் கொடுங்கள்.