ஆரஞ்சு முள்ளும் நீங்களும்

என் ரத்தத்தில் ஓடும் நிரப்புப் புரதங்களே, நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில், மார்கழிப் பனி சொட்டிய ஒரு காலையில், ஆரஞ்சு முள் என் கட்டைவிரலில் இறங்கியது. மண்ணும் பாசியும் படிந்த முள். பிடுங்கிப் போட்டுவிட்டுப் பழம் பறிக்கப் போய்விட்டேன். சாயங்காலம் விரல் சிவந்து, தடித்து, விண்விண்ணென்று தெறித்தது. நாலாம் நாள் குத்திய இடமே தெரியவில்லை. அதற்கு அன்று நான் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

புரதங்களே, நீங்கள் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள்; பெரும்பாலோர் கல்லீரலில் பிறந்தவர்கள். யாரும் கூப்பிடும்வரை காத்திருப்பதில்லை. உங்களில் மிகுதியாக உள்ள சி3, எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே அவிழ்ந்துகொண்டிருக்கிறது. அவிழ்ந்த இடத்தில் கிருமி இருந்துவிட்டால், சி3பி என்ற துண்டு அதன் மேல் இறுக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது இன்னும் பல சி3க்களை வெட்டவைக்கும். சற்று நேரத்தில் கிருமியின் உடம்பெல்லாம் குறி. குறி பட்டதை வெள்ளணுக்கள் விழுங்கிவிடும். சி3ஏ, சி5ஏ என்ற சிறு துண்டுகள் ரத்தக்குழாய்களை நெகிழ்த்தும்; சி5ஏ வெள்ளணுக்களை அங்கே வரவழைக்கும். நான் சலித்துக்கொண்ட அந்த வீக்கத்தில் உங்கள் கூப்பாடும் இருந்தது. இன்னொரு பக்கம் சி5பி முதல் சி9 வரை ஒன்றுகூடி, சில கிருமிகளின் சவ்வில் வளையமாகத் துளையே போட்டுவிடுகின்றன.

புரதங்களே, இத்தனை வேகத்திலும் என் சொந்த செல்களை விட்டுவைத்தீர்களே, அந்தக் கடன் பெரிது. காரணி எச் என்ற உங்கள் கூட்டாளி, என் செல்லின் மேல் தவறி ஒட்டிய சி3பியை அடக்கிவிடுகிறது.

புரதங்களே, 56 டிகிரியில் சூடாக்கிய சீரம் கிருமியைக் கொல்லும் வலுவை இழப்பதையும், சூடு படாத சீரம் சிறிது சேர்த்ததும் அது மீள்வதையும் 1890களில் ஜூல் போர்தே காட்டினார். எதிர்ப்பொருளுக்குத் துணை என்ற பொருளில் பால் எர்லிக் உங்களுக்குப் பெயரிட்டார். எனக்கு அந்தப் பெயர் போதவில்லை. புதிய கிருமிக்கு எதிர்ப்பொருள் உருவாகப் பல நாள் ஆகும். நீங்கள் நிமிடங்களில் வேலையைத் தொடங்குகிறீர்கள்.

புரதங்களே, இந்த மலையடிவாரத்து நல்ல பாம்புக்குக்கூட உங்களைத் தெரிந்திருக்கிறது. அதன் நஞ்சில் சி3பி போலவே வேடமிட்ட ஒரு புரதம் உண்டு. ரத்தத்தில் கலந்தால் உங்களை ஓயாமல் வெட்டவைத்துத் தீர்த்துவிடும். நீங்கள் இல்லாத உடல் எப்படித் தவிக்கும் என்பதை ஆய்வாளர்கள் அந்தப் புரதத்தைக் கொண்டே கண்டார்கள்.

புரதங்களே, நேற்றும் அதே ஆரஞ்சு மரம்தான். இந்த முறை ஆள்காட்டி விரல். எழுதும்போதே லேசாகத் துடிக்கிறது. வந்துவிட்டீர்கள்.