பர்சாத்தியில் ஒரு கிட்டார்

ஜூன் 4
பெரியப்பாவின் காரியங்கள் முடிந்தன. புசா ரோட்டை ஒட்டிய பழைய ராஜேந்திர நகரில் அவர் இருந்த பர்சாத்தியை (மொட்டைமாடி அறையை) மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். கட்டிலுக்கடியில் ஒரு கிட்டார். எங்கள் யாருக்கும் தெரியாது. புசா இன்ஸ்டிட்யூட்டில் கணக்கெழுதி ரிட்டயரான மனுஷன், ரேடியோகூட வைத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 7
தூக்கமில்லை.

ஜூன் 9
டார்ச்சும் கைக்கண்ணாடியுமாக உட்கார்ந்தேன். லேபிளில் ‘கல்கத்தா’ மட்டும் மிச்சம். துளையின் விளிம்பில் மர ரேகை மேலிருந்து அடிவரை ஒரே ஓட்டமாக ஓடுகிறது; அப்படியென்றால் மேல்பலகை பிளைவுட் இல்லை. விரலால் தட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் மட்டும் சத்தம் கரகரக்கிறது. உள்ளே தாங்குகட்டை ஒன்று ஒட்டு விட்டிருக்கிறது. பிரிட்ஜுக்குக் கீழே விரிசல், விசிட்டிங் கார்டு நுழையும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தந்தி 9 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. சாதாரணமாக இரண்டரைதான் இருக்கும்.

ஜூன் 10
கரோல் பாக்கில் ஒரு கடை. கழுத்து தூக்கிவிட்டது, கழற்றிச் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். ஃபிரெட் தேயவே இல்லை, வாங்கிப் போட்டதோடு சரி, வாசித்ததே இல்லை என்றும் தீர்ப்பு. கோபம் வந்தது. பெரியப்பாவைப் பற்றி நாங்களும் அப்படித்தானே பேசிக்கொண்டிருந்தோம்.

ஜூன் 17
வீட்டுக்காரம்மா பீஜி மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். குளிர்கால ராத்திரிகளில் பெரியப்பா கிட்டாரை மடியில் படுக்கப்போட்டு, இரும்புத் துண்டால் தந்தியை இழுத்துக்கொண்டிருப்பாராம். பஞ்சாபிப் பாட்டுக்கூட வாசிப்பாராம்!

ஓடிப்போய்ப் பார்த்தேன். கழுத்தின் மேல்முனையில் தந்தி படிகிற நட்டின்மேல் இரும்பில் இன்னொரு நட்டு மாட்டியிருக்கிறது. ஹவாயன் கிட்டார். தந்தி ஃபிரெட்டைத் தொடவே கூடாது. உயரமும் அதனால்தான், ஃபிரெட் தேயாததும் அதனால்தான். வலது கை படுகிற இடத்தில் வார்னிஷ் போய் வெறும் மரம் தெரிகிறது. கடையில் அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

1940-களில் ஹவாயன் இசைக்குழுவான டாவ் மோ குடும்பம் கல்கத்தாவில் தங்கி வாசித்தது, இந்தக் கிட்டார் அங்கே பரவ ஒரு காரணம். பிரிஜ் பூஷண் காப்ரா அதை ராகத்துக்குக் கொண்டுவந்தார். 1967-ல் வந்த ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டில் சிவகுமார் சர்மாவின் சந்தூரோடும் ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழலோடும் அவர் வாசிப்பதைக் கேட்கலாம். நம் பக்கத்துக்கு இது புதுசா என்ன? பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் கோட்டுவாத்தியத்தில் கட்டையை இழுத்ததும் இதே வித்தைதானே. பெரியப்பாவும் தஞ்சாவூர் ஜில்லாக்காரர். சின்ன வயதில் எங்காவது கேட்டிருப்பாரோ? கேட்டுத் தெரிந்துகொள்ள இனி ஆள் இல்லை.

ஜூன் 18
இரும்புத் துண்டைத் தேடினேன். அலமாரி, சமையல்மேடை, டிரங்குப் பெட்டி. இல்லை.

ஜூன் 30
சாவியைக் கொடுத்தாயிற்று. பீஜி அழுதார். எனக்கு வரவில்லை.

ஜூலை 8
நாலு நாளாக மழை. விரிசல் தானாகவே மூடிக்கொண்டது. மரம் ஈரத்தைக் குடித்து விரிகிறது. ஜூன் வெயிலில் விரிசலுக்குள் மரச்சீவல் வைத்து அடைத்திருந்தால், இப்போது விரிய இடமில்லாமல் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பியிருக்கும். விரிசல் மூடியிருக்கும்போது ஒட்டுவதே நல்லது.

ஜூலை 11
தம்பி விற்றுவிடலாம் என்கிறான். பெரிதாக ஒன்றும் தேறாது.

வேறொரு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிட்டேன். தாங்குகட்டையை ஒட்டி, விரிசலுக்கு உள்பக்கம் சின்ன மரத்துண்டுகள் வைத்தால் போதும். கழுத்தைத் தொடக்கூடாது, இரும்பு நட்டைக் கழற்றக்கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.