ஏலம் மணக்கும் வீடு

செம்மண்ணும் கண்மாயுமான நமது செட்டிநாட்டுச் சீமையில் ஏலச்செடி முளைப்பதில்லை. ஆயினும், ஏலம் மணக்காத கலியாண விருந்து காரைக்குடிப் பக்கத்தில் உண்டோ? பால் பணியாரமானாலும் சரி, கவுனி அரிசியானாலும் சரி, கந்தரப்பமானாலும் சரி, ஏலம் சேர்ந்தால்தான் பலகாரம் பூர்த்தியாகும்.

"ஏலக்காய் எங்கே காய்க்கிறது?" என்று வகுப்பிலே நாம் கேட்பதுண்டு. "மரத்தின் உச்சியில்!" என்று பிள்ளைகள் சொல்லுவார்கள். உண்மையில் ஏலம் இஞ்சியின் குலத்தைச் சேர்ந்த ஒரு பூண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளே அதன் பிறப்பிடம். ஆள் உயரத்துக்கு மேல் தழைத்தாலும், அது காய்ப்பது அடியில், தரையை ஒட்டிப் படரும் சரங்களில்தான். ஸ்திரீகள் குனிந்தும் குந்தியும், முற்றிய காயாகப் பார்த்து, பல சுற்றுக்களாகப் பறிக்கவேண்டும். சுமார் 5 கிலோ பச்சைக்காயை உலர்த்தினால் 1 கிலோதான் மிஞ்சும். அது போடிநாயக்கனூருக்கு வந்து விலை கூறப்படுகிறது. ஏலமே ஏலத்தில் போகும் ஊர் அது!

ஏலத்தின் வாசனை அதன் கறுத்த விதைகளிலுள்ள தைலத்தில் இருக்கிறது. அத்தைலமோ காற்றில் பறந்துவிடும் சுபாவமுள்ளது. ஆகையால் பொடியாக வாங்குவது காசைக் காற்றில் விடுவதற்குச் சமானம். பச்சை நிறம் மாறாத முழுக்காயை வாங்கி, வேண்டியபோது விதையைச் சிறிது சர்க்கரையுடன் இடித்துக்கொள்ளலாம். பாயசத்தில் இறக்கும் தறுவாயில் போடவேண்டும். குழம்புக்கானால், முழுக்காயை முதலிலேயே எண்ணெயில் தாளித்தால் எண்ணெய் மணத்தைப் பற்றிக்கொள்ளும். தோலையும் எறியவேண்டாம், தேயிலை டப்பாவில் போட்டு வைக்கலாம். உண்டபின் ஒரு காயை மென்றால் வாயின் துர்வாசனை நீங்கும். மந்தத்துக்கும் வாந்திக்கும் சித்த வைத்தியர்கள் இதை வழங்குவார்கள்.

இத்தனை குணமுள்ள செடிக்கு நிழலே உயிர். பெருமரங்களின் கீழ், இலைகளினூடே வடிந்து வரும் வெயிலில்தான் அது செழிக்கும். 2024-ஆம் வருஷக் கோடையில் மழையின்றி வெப்பம் மிகுந்தபோது, இடுக்கி ஜில்லாவில் ஏலச்செடிகள் ஏராளமாகக் கருகிப் போயின. நம் நாட்டு ஏலத்தை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயிரிட ஆரம்பித்த குவாத்தமாலா தேசம், இன்று ஏற்றுமதியில் நம்மை முந்திவிட்டது. இழந்த சந்தையை உழைப்பினால் மீட்டுக்கொள்ளலாம். இழந்த காட்டை அவ்வாறு மீட்க முடியுமா?

மலைக்கு வெகு தூரத்தில் வசிக்கும் நாம் இதை மறக்கலாகாது. பிள்ளைகளின் கையில் ஏலக்காயைக் கொடுக்கும்போது, அது விளையும் காட்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லி வையுங்கள்.